ஊர் அவரையும் பயித்தங்காயும் கொழும்பில ஏன் அடம்பிடிக்குது: பிழையைப் பாத்துப் பிடிக்கிற வழி

மாமி சுன்னாகத்தில இருந்து ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள சாம்பல் போட்டு அனுப்பின கறுப்பு அவரை விதையை நான் வெள்ளவத்தை மேல்மாடியில முதல் நட்டது 2022 சித்திரையில, மரக்கறி விலை ஏறிக்கொண்டு போன அந்த வருசம், காஸுக்கும் பெற்றோலுக்கும் லைனில நிண்ட வருசம், பிறகு ஆனியில அரசாங்கமே உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து தோட்டம் செய்யச் சொன்னது. கொடி கம்பியெல்லாம் ஏறி, தண்ணித் தாங்கியைச் சுத்தி, பக்கத்து மதிலுக்கும் போட்டுது. ஆவணி முடியும் மட்டும் ஒரு பூ இல்லை. விதை சரியில்லை, வெட்டி எறி எண்டு எல்லாரும் சொல்லிச்சினம், நானும் கத்தி எடுத்தனான். மாமியிட்ட போனில கேட்டா, "பொறு பிள்ளை, அது ஐப்பசிக்குப் பிறகு தான் பூக்கும், நீ ஏன் சித்திரையில நட்டனி" எண்டா. கார்த்திகையில ஊதாப் பூ கொத்துக் கொத்தா வந்துது. விதையில ஒரு பிழையும் இல்லை, மாசம் தான் பிழை.

அதுக்குப் பிறகு ஒரு செடிக்கு வருத்தம் வந்தா மருந்துக்கடைக்குப் போக முதல் ஒவ்வொண்டா எடுத்துப் பாக்கிற பழக்கம் வந்திட்டுது, அதைத்தான் கீழ எழுதிறன். இது ஊர் விதை வச்சிருக்கிற ஆக்களுக்கு: அவரை, பயித்தங்காய், சிறகவரை, வாளவரை. கடைப் பைக்கற் விதை செத்தா இன்னொரு பைக்கற் வாங்கலாம், மாமியின்ர அவரை செத்தா அது போனது தான். ஆனபடியா ஒண்டு மட்டும் முதலே சொல்லுறன், கையில இருக்கிற விதை முழுக்க ஒரே தரத்தில நடாதேங்கோ. பாதி போத்தலில நிக்கட்டும்.

விதை முளைக்கேல்ல

கொழும்புச் சூட்டுக்கு பயித்தங்காய் 3, 4 நாளில தலை காட்டும், அவரைக்கு ஒரு கிழமை. பத்து நாளாகியும் ஒண்டும் இல்லையெண்டா மண்ணைக் கிளறி விதையை வெளிய எடுங்கோ.

போட்ட மாதிரியே கல்லாக் கிடந்தா தோல் தண்ணியை உள்ள விடேல்ல எண்டு அர்த்தம். சிறகவரைக்கு இது வழக்கமான கரைச்சல், சிங்களத்தில தம்பல எண்டு சொல்லுற அதே காய் தான், விதை உருண்டையா மினுங்கிக்கொண்டு இருக்கும், அந்த மினுக்கம் தான் தண்ணியைத் தடுக்கிறது. விதையின்ர கண் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால சின்னனா ஒரு வெட்டு, உள்ளுக்க வெளிறின நிறம் தெரிஞ்சாப் போதும், இரவு தண்ணியில போட்டிட்டு விடிய பாருங்கோ. ஊதிப் பெருத்ததை நடுங்கோ, ஊதாததை திரும்ப வெட்டிப் போடுங்கோ. கண்ணில மட்டும் வெட்டாதேங்கோ, முளை அங்க தான் இருக்கு.

விதை கூழாகி மணந்தா தண்ணி கூடிப்போச்சு. ஒரு இரவுக்கு மேல ஊற வச்சாலும் இப்பிடித்தான் வரும், நேரா மழைக்குள்ள வச்ச சட்டியிலயும் வரும், முக்கியமா தும்புத்தூள் மட்டும் நிரப்பின சட்டியில. மண், கூட்டெரு, தும்புத்தூள் மூண்டையும் கலந்து, அடியில ஓட்டை போட்ட யோகட் கப்பில 2 சென்ரிமீற்றர் ஆழத்தில நட்டு, ஜன்னல் தட்டில வச்சா மழையும் இல்லை, எலியும் அணிலும் இல்லை. விதையே காணேல்ல எண்டாலும் பதில் இந்த யோகட் கப் தான்.

பழைய விதை, உயிர் இருக்கோ தெரியாது எண்டா 10 விதையை ஈரத் துணியில சுத்தி பொலித்தீன் பையில போட்டு 7 நாள் வையுங்கோ. 8 முளைச்சா வழமை போல நடலாம். 4 எண்டா ஒரு குழிக்கு இரட்டிப்பா போடுங்கோ. ஒண்டே ஒண்டு முளைச்சாலும் அதை எறியாதேங்கோ, அந்த ஒண்டை கப்பில தூக்கி வச்சு வளருங்கோ, ஒரு அவரைக் கொடி நல்லா வந்தா அடுத்த வருசத்துக்கு காணக்கூடிய விதை தரும்.

முளைச்சது, பிறகு சாய்ஞ்சு போச்சு

சாய்ஞ்ச இடத்தைப் பாருங்கோ. தண்டு நடுவில கடிச்சு இலை காணாமல் போயிருந்தா நத்தை, கொழும்பில மழை தொடங்கினா பெரிய ஆபிரிக்க நத்தை மதிலெல்லாம் ஏறும். இரவு 9 மணிக்குப் பிறகு டோர்ச்சோட போய் கையில ஷொப்பிங் பாக்கைப் போட்டுக்கொண்டு பொறுக்கி உப்புத் தண்ணியில போடுறது தான் நான் செய்யிறது. வெறுங்கையால தொடாதேங்கோ, அதில மனிசருக்கு மூளைக்காய்ச்சல் தரக்கூடிய புழு இருக்கலாம். உப்பைச் செடியடியில கொட்டவும் வேண்டாம், மண் கெட்டுப்போகும்.

மண்ணோட சேருற இடத்தில தண்டு தண்ணி ஊறி மெலிஞ்சு நூல் மாதிரி இருந்தா அது பூஞ்சணம். அந்த நாத்தைக் காப்பாத்த ஏலாது, மிச்சத்துக்கு காத்தும் வெயிலும் குடுங்கோ, தண்ணியை விடியப்புறம் மட்டும் விடுங்கோ.

மூண்டாவது தான் கனபேர் கண்டுபிடிக்கிறேல்ல. நாத்து ரெண்டு மூண்டு கிழமை வளர்ந்து, முதல் இலைகள் மஞ்சளாகி, நல்ல தண்ணி விட்டும் வாடும், அடித்தண்டு வீங்கி வெடிச்சிருக்கும். எனக்கு இது நடந்த நேரம் பிளேட்டால அந்த வீக்கத்தை நெடுக்கா வகுந்து பாத்தன், தோலுக்குக் கீழ அரிசிக் குறுணியிலும் சின்னனா மண்ணிறக் கூடு மூண்டு வரிசையா ஒட்டிக்கிடந்துது. போஞ்சி ஈ. ஈ பாக்க சின்னக் கறுப்பு, இளம் இலையில முட்டை போடும், புழு காம்புக்குள்ளால இறங்கி அடித்தண்டில போய் தின்னும். தின்ற இடத்துக்கு மேல உயிர் இருக்கும், அதுதான் வழி: வீங்கின இடம் மூடுற மாதிரி மண்ணும் கூட்டெருவும் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அணைச்சு விட்டா மேல இருந்து புது வேர் விடும். எனக்கு 6 நாத்தில 4 தப்பிச்சுது. வர முதல் தடுக்கிறதுக்கு முதல் மூண்டு கிழமையும் நுளம்பு வலைத் துண்டு ஒண்டால மூடி வையுங்கோ, பழைய வலையே போதும், ஓரத்துக்கு கல்லு வைக்க மறக்காதேங்கோ.

கொடி காடு மாதிரி, பூவே இல்லை

முதல் கேள்வி, என்ன இனம், எந்த மாசம் நட்டனீங்கள். பழைய ஊர் அவரையும் சிறகவரையும் பகல் குறையக்க தான் பூக்கும். கொழும்பில ஆனியில பகல் கிட்டத்தட்ட 12 மணி 30 நிமிசம், மார்கழியில 11 மணி 45 நிமிசம், முக்கால் மணித்தியாலம் தான் வித்தியாசம், எங்களுக்கு அது தெரியிறதே இல்லை, ஆனா கொடி அதை அளந்து வச்சிருக்கு. சித்திரையில நட்டா ஆறேழு மாசம் கொடியை வச்சுத் தண்ணி ஊத்துறது தான், ஆடி ஆவணியில நட்டா கொடி அளவா வளர்ந்து கார்த்திகையில பூக்கும், தை மாசிக்கு காய் முத்தும், கொழும்பில மழை குறைஞ்ச மாசமும் அதுதான், ஆனபடியா விதைக் காய் மழையில நனையாமல் முத்தும். ஆடிப் பட்டம் தேடி விதை எண்டு சொன்ன ஆக்கள் எங்கட மொட்டைமாடியை நினைச்சுச் சொல்லேல்ல, ஆனா அவரைக்கு அது இஞ்சயும் சரியா வருது. இன்னொண்டு, கொடிக்கு மேல விடிய விடிய எரியிற ரோட்டு லைட்டோ செக்யூரிட்டி லைட்டோ இருந்தா அந்தப் பக்கம் பூ பிந்தும், ஒரு சாக்கைக் கட்டி மறைச்சுப் பாருங்கோ.

பயித்தங்காய்க்கு பெரும்பாலும் இந்த மாசக் கணக்கு இல்லை, ஏழெட்டுக் கிழமையில காய் பறிக்கலாம். அது பூக்கேல்லயெண்டா உரத்தை யோசியுங்கோ. யூரியா, கோழி எரு கூட விழுந்தா இலை கரும்பச்சையா உள்ளங்கை அகலத்துக்கு வரும், பூ வராது. இந்தக் குடும்பத்துச் செடிகள் தங்கட வேரில இருக்கிற பக்ரீரியாவை வச்சு காத்தில இருந்தே நைதரசன் எடுக்கிறது, நாங்கள் அள்ளிக் கொட்டினா அந்த வேலையை விட்டிடும். உரத்தை நிப்பாட்டுங்கோ, விறகுச் சாம்பல் ஒரு பிடி போடுங்கோ, நுனியைக் கிள்ளி விடுங்கோ, பக்கக் கிளையில பூ வரும். வெயிலும் பாருங்கோ, ரெண்டு பிளட்டுக்கு நடுவில 3 மணித்தியால வெயிலோட எந்த அவரையும் காய்க்காது, 6 மணித்தியாலம் வேணும்.

பூ வருது, கொட்டுண்டுது

போஞ்சி எண்டா சண்டை பிடிக்காதேங்கோ. வெலிமடையிலயும் நுவரெலியாவிலயும் போஞ்சி காய்க்கிறதுக்குக் காரணம் அங்கத்த இரவுக் குளிர். இரவு 20, 22 பாகைக்கு மேல போனா போஞ்சியின்ர மகரந்தம் பழுதாகி பூ உதிரும், கொழும்பில இரவு 22 க்குக் கீழ போறதே அருமை. பண்டாரவளையில இருந்து ஒரு சிநேகிதி தந்த கோடு போட்ட போஞ்சி விதையை நான் ரெண்டு தரம் நட்டன், பூ மட்டும் கண்டன், பிறகு மிச்ச விதையை அவவுக்கே திருப்பிக் குடுத்திட்டன், அது அங்க வாழட்டும்.

மற்ற இனங்களுக்கு, மழை அடிச்சுக் கொட்டினா பறவாயில்லை, திரும்ப வரும். பங்குனி வெயிலில சட்டி ஒரு நாளில காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சு இருந்தாலும் கொட்டும், 20 லீற்றர் வாளியிலும் சின்னச் சட்டியில கொடி அவரை வைக்காதேங்கோ, மேல காய்ஞ்ச இலை போட்டு மூடுங்கோ. உதிர்ந்த பூவைப் பொறுக்கி விரிச்சும் பாருங்கோ, ரெண்டு மூண்டு பூ வலையால ஒட்டி உள்ளுக்க புழு இருந்தா காயில ஓட்டை எண்ட பகுதிக்குப் போங்கோ.

இலை மஞ்சளாகுது

கீழ இருந்து ஒண்டு ரெண்டு இலை மஞ்சளாகிறது வயசு, விடுங்கோ. முழுச் செடியும் வெளிறினா ஒரு செடியைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணியில மெல்ல அலசிப் பாருங்கோ, இதைச் செய்யப் பஞ்சிப்படாதேங்கோ. வேரில சின்ன உருண்டைகள் ஒட்டிக்கொண்டு, விரலால தட்டினா கழண்டு விழுந்தா அது நல்லது, அது தான் நைதரசன் எடுக்கிற முடிச்சு. ஒண்டை நகத்தால வெட்டுங்கோ. உள்ளுக்க இறைச்சி நிறத்தில ரோசாவா இருந்தா வேலை நடக்குது. வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேலை நடக்கேல்ல. முடிச்சே இல்லையெண்டா அனேகமா மண் புளிப்பு.

யாழ்ப்பாணத்து விதைக்கு கொழும்பில வாற பெரிய வித்தியாசம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன். அங்க சுண்ணாம்புக் கல்லுக்கு மேல கிடக்கிற சிவத்த மண், இஞ்ச மழை கழுவிக் கழுவிப் புளிச்ச செம்பூரான் மண். நிறம் கிட்டத்தட்ட ஒண்டு, குணம் வேற. ஒரு சட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைற் (மண்ணின்ர புளிப்பைக் குறைக்கிற கல்லுத் தூள்), நடுறதுக்கு ரெண்டு கிழமை முதல் கலந்து விடுங்கோ. ஊரில ஏற்கனவே பயித்தங்காய் நிண்ட இடத்து மண் ஒரு பிடி கிடைச்சா அதையும் போடுங்கோ, பக்ரீரியா அதோட வரும்.

வேரே வீங்கி கழலை கழலையா இருந்து, தட்டினா கழராட்டி அது வேறு கதை, வட்டப்புழு, வேருக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத புழு. அந்தச் செடியை வேரோட எடுத்து குப்பையில போடுங்கோ, கூட்டெருக் குழியில போடாதேங்கோ, அந்த மண்ணில ரெண்டு போகத்துக்கு அவரைக் குடும்பம் வேண்டாம், தாஸ்பெத்தியா எண்டு சிங்களத்தில சொல்லுற மஞ்சள் பூச்செடியை நெருக்கமா நடுங்கோ.

இலை கரும்பச்சையும் இளம்பச்சையுமா திட்டுத் திட்டா, கொப்புளிச்சுச் சுருண்டு இருந்தா வைரஸ். மருந்து இல்லை. பிடுங்க மனம் வராது, தெரியும், ஆனா பிடுங்குங்கோ, ஏன் எண்டா அவரை இனங்களில சில வைரஸ் விதைக்குள்ளாலயே அடுத்த வருசத்துக்கும் போகும்.

நுனியில கறுப்பா அப்பிக்கிடக்கு

அழுக்கணவன், சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி. எறும்பு மேல கீழ ஓடினா இது இருக்கு எண்டு அர்த்தம், எறும்பு அதின்ர இனிப்புத் தண்ணியைக் குடிக்கிறதுக்காக காவல் நிக்குது. முதல் நாள் தண்ணியைப் பலமா அடிச்சுக் கழுவுங்கோ, பாதி போகும். பிறகு 1 லீற்றர் தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணையும் ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் தண்ணியும் நல்லாக் குலுக்கி பின்னேரம் இலையின்ர அடிப்பக்கம் படும்படி அடியுங்கோ, 4, 5 நாளுக்கு ஒருக்கா. அடிக்க முதல் வடிவாப் பாருங்கோ, நீளமா கறுப்பில செம்மஞ்சள் புள்ளியோட ஊருற ஒரு புழு இருந்தா அது பொறிவண்டின்ர குஞ்சு, அது தான் அழுக்கணவனைத் தின்னுறது, அது இருக்கிற நுனியை விட்டிடுங்கோ. மேலே சொன்ன வைரஸைக் காவுறதும் இந்த அழுக்கணவன் தான், ஆனபடியா பிந்தாதேங்கோ.

காயில ஓட்டை

காய் துளைக்கிற புழு. வெளிறின உடம்பில கறுப்புப் புள்ளி வரிசையா இருக்கும், பூவில தொடங்கி காய்க்குள்ள போகும், ஓட்டை வாசலில ஈரமா எச்சம் தள்ளிக் கிடக்கும். உள்ள போனதுக்கு மேல எதை அடிச்சும் பிரயோசனம் இல்லை. காலமை தேத்தண்ணியோட ஒரு சுத்து போய் ஒட்டின பூ, ஓட்டைக் காய் எல்லாத்தையும் கிள்ளி சவர்க்காரத் தண்ணியில போடுங்கோ, ரெண்டு கிழமை விடாமல் செய்தா குறையும். கொடியை நெருக்கமா விடாதேங்கோ, காத்து போனா புழு குறைவு. இதிலயும் தீராட்டி விவசாயத் திணைக்களத்தின்ர 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கோ.

காய் நாராப் போச்சு

பிந்திப் பறிச்சிருக்கிறீங்கள். சிறகவரை ஒரு விரல் நீளம் வந்த உடன பறியுங்கோ, பயித்தங்காய் விதை புடைக்க முதல். முத்தின அவரை, வாளவரை விதையைச் சமைக்கிறதெண்டா இரவு ஊற வச்சு, தண்ணியை ஊத்தி, நல்லாக் கொதிக்க வச்சு அந்தத் தண்ணியையும் ஊத்திப் போட்டுத் தான் கறி வைக்கவேணும், அதில நஞ்சுத்தன்மை இருக்கு, பச்சையா வாயில போடக்கூடாது.

எடுத்து வச்ச விதையில வண்டு

விதையில வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தா முட்டை, வட்டமா ஓட்டை இருந்தா வண்டு வெளிக்கிட்டுட்டுது. கனபேர் போத்தலைத் திட்டுவினம், ஆனா முட்டை காய் கொடியில காயக்கயே போட்டது. அதால முழுக்கக் காயும் மட்டும் விடாமல், காய் மஞ்சளாகித் தோல் சுருங்கத் தொடங்கின உடன பறிச்சு வீட்டுக்குள்ள ஃபேனுக்குக் கீழ விரியுங்கோ. ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள முத்தினா இது கட்டாயம், இல்லாட்டி காய்க்குள்ளயே முளைச்சிடும்.

காய்ஞ்சிட்டுதோ எண்டு பாக்க ஒரு விதையைக் கல்லில வச்சு சுத்தியலால தட்டுங்கோ, நசிஞ்சா ஈரம், சிதறினா சரி. கொழும்புக் காத்தில ஈரப்பதன் கூட, வெறும் காய்ச்சல் காணாது. நான் செய்யிறது, ஒரு கப் அரிசியைத் தாச்சியில வறுத்து ஆறவிட்டு போத்தல் அடியில போட்டு, மேல துணிப்பையில விதையை வச்சு இறுக்கி மூடி ரெண்டு கிழமை, அரிசி ஈரத்தை இழுக்கும். பிறகு வேற போத்தலில மாத்தி ஒரு கிழமை ஃப்ரீசரில வச்சா முட்டையும் புழுவும் சாகும், ஈரமான விதையை ஃப்ரீசரில வைச்சா விதையே சாகும், அதால முதல் சுத்தியல். வெளிய எடுத்த உடன மூடியைத் திறக்காதேங்கோ, போத்தல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கோ, இல்லாட்டி வேர்த்துப்போகும். அதுக்குப் பிறகு ஃப்ரிஜ்ஜில கீழ்த்தட்டில கன வருசம் நிக்கும்.

அடுத்த வருசம் காய் வேற மாதிரி வருது

பயித்தங்காயும் கௌபியும் பாக்க வேற, ஆனா ரெண்டும் ஒரே இனம், தேனீ போனா கலக்கும். பெரும்பாலும் தன் பூவிலயே தான் சேரும், எண்டாலும் பக்கத்தில பக்கத்தில நட்டா ஒண்டு ரெண்டு தப்பும். அவரையில கருவண்டு வந்து பூவைத் தள்ளித் திறக்கிறபடியா கலப்பு இன்னும் கூட. ஏமாத்திற விசயம் என்னெண்டா கலந்த வருசம் ஒண்டும் தெரியாது, விதைத் தோல் தாய்ச் செடியின்ர, ஆனபடியா விதை பழைய நிறத்திலயே இருக்கும், அதை நட்டு வாற செடியில தான் தெரியும்.

தடுக்கிறது லேசு. ரெண்டு இனத்தையும் ஒரே மாசத்தில பூக்க விடாதேங்கோ, இல்லாட்டி மொட்டா இருக்கக்கயே கலியாண வீட்டில தாற சின்ன வலைப் பையால கொத்தை மூடிக் கட்டுங்கோ, காய் பிடிச்ச உடன பையைக் கழட்டி சிவப்பு நூல் கட்டி அடையாளம் வையுங்கோ, அந்தக் காயை ஒருத்தரும் கறிக்குப் பறிக்கக்கூடாது. ஒரு செடியில மட்டும் விதை எடுக்காமல், வருத்தம் இல்லாத ஆறேழு செடியில எடுங்கோ. போத்தலில இனத்தின்ர பேர், யாரிட்ட வாங்கினது, நட்ட மாசம், பூத்த மாசம் நாலையும் எழுதி ஒட்டுங்கோ. கன்னொறுவையில விவசாயத் திணைக்களத்தின்ர பயிர் விதை வங்கி இருக்கு, எண்டாலும் உங்கட வீட்டு அவரை அதில இருக்கும் எண்டு நம்பி இருக்காதேங்கோ, ஒரு பங்கை இன்னொரு வீட்டிலயும் குடுத்து வையுங்கோ.

போன வருசம் நான் மாமியின்ர சிவப்பு விதைப் பயித்தங்காயை கௌபிக்குப் பக்கத்தில விட்டிட்டன். இந்த வருசம் 9 செடியில 2 செடி, காய் தொங்காமல் பாதியில நிமிர்ந்து, கட்டையா, விறைப்பா வந்துது, ரெண்டுக்கும் நடுவில ஒரு சாதி. கண்ட உடன அந்த ரெண்டையும் பிடுங்கினன், மிச்ச 7 செடியின்ர காயை எல்லாம் கறிக்கு எடுத்தன், விதைக்கு ஒண்டும் வைக்கேல்ல. பிறகு ஃப்ரிஜ்ஜில இருந்த மற்றப் பாதிப் போத்தலைத் திறந்து, அதில இருந்து 12 விதை எடுத்து யோகட் கப்பில போட்டன். நேற்றுக் காலமை 11 முளைச்சு நிண்டுது.